நொறுங்கிய நெஞ்சில் மலர்ந்த நம்பிக்கை: புனித தேவசகாயம்



மருத்துவரிடம் செல்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, எங்கே வலிக்கிறது என்று சொல்வது. வலியை மறைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்தால் எந்த மருத்துவராலும் மருந்து தர முடியாது. உடலுக்குப் பொருந்துகிற இந்த எளிய உண்மை உள்ளத்துக்கும் பொருந்தும். ஆனால் உடம்பு வலியைச் சொல்லுகிற அளவுக்கு மனவலியைச் சொல்ல நாம் பழகவில்லை.

நமது விளாங்குடியில் திண்டுக்கல் சாலையோரம் காலை நேரத்தில் நின்று பார்த்தால் எல்லாரும் நலமாக இருப்பது போலத்தான் தெரியும். வேலைக்கும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் விரைகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளே, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் திணறுகிற தந்தை இருக்கிறார். குடிக்கு அடிமையான கணவனை அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் மறைத்து வாழ்கிற மனைவி இருக்கிறார். தேர்வில் தோற்று வீட்டில் முகம் காட்டத் தயங்குகிற பிள்ளை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்திக் கோவிலுக்கு வருகிறோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உள்ளே உடைந்திருப்பது நமக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். சில வேளைகளில் நமக்கே தெரிவதில்லை.

இப்படி உள்ளம் உடைந்த ஒரு மனிதர், தம் உடைவை மறைக்காமல் ஒரு நண்பரிடம் திறந்து காட்டினார். அந்த ஒரு நாள் உரையாடலிலிருந்து தொடங்கியது ஒரு புனிதரின் வரலாறு. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். நம்மைப் போலத் திருமணமாகி, அரசு வேலை பார்த்து, வீடும் நிலமும் மாடும் வைத்திருந்த குடும்பத்தலைவர். அவர்தான் நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயம். அவரது வாழ்வைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம்.

குறைவில்லாத வாழ்வு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்ற ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசைப் பணி செய்தவர். தாய் தேவகி அம்மாள். செல்வாக்கு மிகுந்த நாயர் குடும்பம். நீலகண்டனுக்கு நல்ல கல்வியும் பயிற்சியும் கிடைத்தன. வளர்ந்ததும் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராகப் பணியில் அமர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தினார். குலப்பெருமை, கல்வி, அரசு வேலை, நிலபுலன், நல்ல மனைவி என ஒரு மனிதர் இவ்வுலகில் விரும்பக்கூடிய எல்லாம் அவரிடம் இருந்தன.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவருக்கு ஓர் ஆபத்து உண்டு. தம்மிடம் இருப்பவற்றையே தாம் என்று நினைத்துவிடுவார். வீடுதான் நான், வேலைதான் நான், என் குலம்தான் நான் என்று எண்ணிக்கொண்டிருப்பார். அவற்றில் ஒன்று சரிந்தாலும் அவரே சரிந்துவிடுவார்.

இழப்பு வந்தது

நீலகண்டனின் வாழ்விலும் அந்த நாள் வந்தது. அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. பயிர் அழிந்தது. பொருள் இழப்பு தொடர்ந்தது. உழவுத் தொழிலை அறிந்த நம் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாடு சாவது ஒரு வீட்டில் பிள்ளை சாவதைப் போன்றது. விளைந்த பயிர் கண்முன் கருகும்போது விவசாயியின் நெஞ்சும் சேர்ந்து கருகும். தாம் வழிபட்டு வந்த தெய்வங்கள் தம்மைக் கைவிட்டுவிட்டனவா, தாம் செய்த குற்றம் என்ன என்ற கேள்விகள் நீலகண்டனை வாட்டின. அரண்மனைக்குச் சென்றார், வேலையைப் பார்த்தார். ஆனால் முகத்தில் மட்டும் களை இல்லை.

அந்த வாடிய முகத்தை ஒருவர் கவனித்தார்.

போர்க் கைதி சொன்ன ஆறுதல்

கவனித்தவர் பெயர் எஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய். அவர் ஐரோப்பியர், கத்தோலிக்கர், டச்சுக் கம்பெனிப் படையில் தலைவராக இருந்தவர். 1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுப் படையை வென்றது. டிலனாய் கைதியானார். தோற்றவர், பிடிபட்டவர், சொந்த நாட்டுக்குத் திரும்ப வழியில்லாதவர். ஆனால் மார்த்தாண்ட வர்மா அவருடைய திறமையை அறிந்து, தம் படையினருக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். பின்னாளில் அவர் திருவிதாங்கூர்ப் படையின் தலைமைத் தளபதியாகவே உயர்ந்தார். 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

தாமே தோல்வியையும் சிறையையும் கண்டவர் என்பதால்தானோ என்னவோ, அடுத்தவரின் வேதனை அவர் கண்ணில் பட்டது. அவர் நீலகண்டனை அழைத்து என்ன வருத்தம் என்று விசாரித்தார். நீலகண்டனும் மழுப்பவில்லை. உயர்குலத்து அதிகாரி ஒருவர், அயல்நாட்டுக் கைதி ஒருவரிடம் தம் வீட்டு இழப்புகளைச் சொல்லி மனம் திறந்தார். அந்தக் காலத்தில் அது எளிய காரியம் அல்ல. நமக்கும் அது எளிய காரியம் அல்ல.

டிலனாய் பொருளுதவி செய்து அனுப்பிவிடவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒப்புக்குச் சொல்லவும் இல்லை. அவர் விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். ஒரே நாளில் ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்த யோபு. தம் வலியைக் கடவுளிடம் ஒளிக்காமல் கொட்டித்தீர்த்த யோபு. கேள்வி கேட்டார், புலம்பினார், பிறந்த நாளையே சபித்தார். ஆனால் கடவுளை விட்டு விலகவில்லை. கடவுளும் அவரை விட்டு விலகவில்லை.

இந்த வரலாறு நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. துன்பம் வந்தால் கடவுளின் சாபம் என்றுதான் அவர் அதுவரை எண்ணியிருந்தார். துன்பப்படுகிறவரோடு கூடவே இருக்கிற கடவுள் ஒருவர் உண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. யோபுவில் தொடங்கிய உரையாடல் சிலுவையில் தொங்கிய இயேசு வரை சென்றது. அடிபட்ட, அவமானப்பட்ட, கைவிடப்பட்டவராகத் தம்மை உணர்ந்த கடவுளின் மகனை நீலகண்டன் அறிந்துகொண்டார். அவரையே தம் ஆண்டவராக ஏற்கத் துணிந்தார்.

தேவசகாயம் என்னும் பெயர்

திருமுழுக்குப் பெற அவர் வடக்கன்குளம் சென்றார். அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி அவருக்கு மறைக்கல்வி அளித்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் திருமுழுக்கு வழங்கினார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்பது அவர் பெற்ற பெயர். கடவுள் துணைசெய்கிறார் என்பது அதன் பொருள். அதுவே தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

நற்செய்தியில் நாம் இரண்டு லாசர்களைச் சந்திக்கிறோம். ஒருவர் செல்வர் வீட்டு வாயிலில் உடலெல்லாம் புண்ணாகக் கிடந்த ஏழை. மற்றவர் இயேசுவின் நண்பர், நான்கு நாள் கல்லறையில் இருந்தபின் ஆண்டவர் குரல் கேட்டு வெளியே வந்தவர். ஒருவர் புண்பட்டவர், மற்றவர் உயிர்பெற்றவர். இந்த இரண்டும் நம் புனிதரின் வாழ்வில் ஒன்றாகப் பொருந்தியதை நினைக்கும்போது, இறைவனின் திட்டத்தை எண்ணி வியக்கிறோம்.

அவருடைய மனைவி பார்கவி முதலில் தயங்கினார். உறவினரும் ஊரும் என்ன சொல்லுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தேவசகாயம் பொறுமையோடு எடுத்துரைத்தார். பின்னர் அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்ற பெயரை ஏற்றார். தெரேசா என்னும் புனிதையின் பெயரைத் தமிழில் இப்படி வழங்கினார்கள். குடும்பத்தில் ஒருவர் குணமாகும்போது அந்த நலம் மெல்ல மெல்ல மற்றவருக்கும் பரவுகிறது.

பெருமை உடைந்த இடத்தில்

குணம்பெற்ற தேவசகாயம் எப்படி வாழ்ந்தார்? இதுதான் நாம் உற்று நோக்க வேண்டிய இடம். அவர் எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகத் தொடங்கினார். தீண்டாமை கடுமையாக இருந்த அந்த நாளில், உயர்குலத்தவரான அவர் ஒடுக்கப்பட்டவரோடு சேர்ந்து உண்டார். திருமுழுக்குப் பெற்ற அனைவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று எடுத்துச் சொன்னார். மாடும் பயிரும் போனபோது அவருடைய செல்வம் உடைந்தது. கிறிஸ்துவை அறிந்தபோது அவருடைய குலப்பெருமை உடைந்தது. முதல் உடைவு தானாக வந்தது. இரண்டாவதை அவரே மனமுவந்து ஏற்றார். அவரது எதிரிகளை மிகவும் சினமடையச் செய்ததும் இந்த இரண்டாவதுதான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1872-இல் ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. சாதிப் பிரிவினை காரணமாக இரு சமூகத்தாரும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடாதபடி, நடுவே சுவர் வைத்து இரண்டு பகுதிகளாக அதைக் கட்டினார்கள். ஒரே பீடம், ஒரே திருப்பலி, ஆனால் நடுவே சுவர். அந்தச் சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. தனி மனிதரின் உள்ளம் மட்டும் உடைவதில்லை, திருச்சபைச் சமூகமும் உடைகிறது. அந்த உடைவையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லால் கட்டிய சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்திலும், திருவிழா ஊர்வலத்திலும், பெண் பார்க்கும் பேச்சிலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் நம்மிடையே இன்னும் நிற்கின்றன. இது நம் எல்லாரின் காயம்.

மூன்றாண்டுச் சிறை

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிராகச் செயல்பட்டார், தெய்வங்களை இகழ்ந்தார் என்ற குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அரசின் நோக்கம் என்ன என்பதில் வரலாற்றாளரிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் அவர் பட்ட துன்பங்களைக் குமரி மாவட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிக் காத்து வந்திருக்கிறார்கள். எருமையின்மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். கொதிக்கும் வெயிலில் நிறுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து அவர் வேண்டியபோது பாறையிலிருந்து நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று வழங்கும் அந்த இடத்துக்கு இன்றும் திருப்பயணிகள் செல்கிறார்கள். பெருவிளையில் அவரை மரத்தில் கட்டி வைத்தார்கள்.

அங்கே நடந்ததுதான் வியப்பு. கட்டுண்டு கிடந்தவரைத் தேடி மக்கள் வந்தார்கள். தங்கள் துயரங்களைச் சொன்னார்கள், செபிக்கக் கேட்டார்கள், ஆறுதலோடு திரும்பினார்கள். ஒரு காலத்தில் வாடிய முகத்தோடு டிலனாயின் முன் நின்றவர், இப்போது மற்றவர்களின் வாடிய முகங்களைத் தேற்றுகிறவராக மாறியிருந்தார். கைகள் கட்டப்பட்டிருந்தன. ஆனால் உள்ளம் விடுதலை பெற்றிருந்தது.

இறுதியாக 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அவருடைய உடலை மக்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. மறைசாட்சியாக இறந்து 270 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பெருமை அது.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில், நாம் முதலில் வடக்கன்குளம் பக்கத்தைக் கடக்கிறோம். பின்பு காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழி. அதன்பின் கோட்டாறு. அவர் புதுப்பிறப்பு அடைந்த ஊர், உயிர்கொடுத்த மலை, துயில்கொள்ளும் ஆலயம் மூன்றும் வரிசையாக வருகின்றன. அடுத்தமுறை அவ்வழியே போகும்போது ஒரு நிமிடம் நின்று செபிப்போம்.

இழந்தவை திரும்பி வந்தனவா?

இப்போது ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்போம். யோபுவுக்கு அவர் இழந்தவை எல்லாம் இரு மடங்காகத் திரும்பக் கிடைத்தன என்று விவிலியம் கூறுகிறது. யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறிய தேவசகாயத்துக்கு என்ன திரும்பக் கிடைத்தது? மாடுகள் மடிந்து மனம் உடைந்தவர் அதன்பின் வேலையை இழந்தார், மதிப்பை இழந்தார், வீட்டை இழந்தார், மனைவியைப் பிரிந்தார், கடைசியில் உயிரையும் இழந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிறிஸ்துவை ஏற்றபின் அவருடைய இழப்பு பல மடங்கு கூடியிருக்கிறது. அப்படியானால் அவர் குணமானார் என்று எப்படிச் சொல்கிறோம்?

மாடு செத்தபோது நொறுங்கிப் போனவர், உயிர் போகும்போது நொறுங்கவில்லை. இதுதான் விடை. இழப்பு நின்றுவிடவில்லை, இழப்பைக் கண்டு அஞ்சிய உள்ளம் மாறிவிட்டது. தம்மிடம் இருந்தவற்றால் தம்மை அளந்தவர், தம்மை அன்பு செய்கிற கடவுளால் தம்மை அளக்கக் கற்றுக்கொண்டார். அதன்பின் யாராலும் எடுத்துவிட முடியாத ஒன்று அவரிடம் இருந்தது.

இன்று நம்பிக்கையை ஒரு கொடுக்கல் வாங்கலாகக் காட்டுகிற போதனைகள் பெருகியுள்ளன. செபித்தால் கடன் தீரும், காணிக்கை போட்டால் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். ஆண்டவர் அப்படியும் அருள் புரிய வல்லவர். ஆனால் அது நடக்காதபோது, நம் நம்பிக்கை போதவில்லை என்று பழியும் நம் தலையிலேயே விழுகிறது. ஏற்கெனவே உடைந்தவர் இன்னும் உடைகிறார். தேவசகாயத்தின் வாழ்வு இந்தப் போதனைக்குச் சரியான மறுமொழி.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம் உடைவை உடைவு என்று ஒப்புக்கொள்வோம். தனிச் செபத்தில் நல்ல சொற்களைத் தேடிக்கொண்டிராமல், யோபுவைப் போல உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் கொட்டுவோம். அழுகை வந்தால் அழுவோம். பாவத்தால் வந்த காயம் என்றால் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுவோம். பல ஆண்டுகளாக அதை நாடாமல் இருப்பவர்கள் இந்த வாரமே பங்குத்தந்தையை அணுகலாம்.

இரண்டாவது, நம்பத்தக்க ஒருவரிடம் மனம் திறப்போம். நீலகண்டன் பேசியிருக்காவிட்டால் தேவசகாயம் இல்லை. தூக்கமில்லாமல், உயிர்மேல் ஆசை இல்லாமல் தவிப்பவர்கள் மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. மருத்துவர் வழியாகவும் குணமளிப்பவர் அதே ஆண்டவர்தான்.

மூன்றாவது, நாம் டிலனாய் ஆவோம். அவர் போதகர் அல்லர், ஒரு படைவீரர். அவர் செய்தது ஒன்றுதான்: கூட வேலை பார்ப்பவரின் முகத்தைக் கவனித்தார், நின்று விசாரித்தார், செவிமடுத்தார். நம் அன்பியக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வந்தவர் இரண்டு மாதமாக வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று குறைபேசாமல் அவர் வீட்டுக்குப் போவோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவர் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தவரை அவருக்கு ஆறுதலாக இருந்தார்கள். அறிவுரை சொல்லத் தொடங்கிய பிறகுதான் பாரமானார்கள். இதையும் நினைவில் வைப்போம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14-ஆம் நாள் புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கலை ஒட்டியே அது வருகிறது. புதுப்பானையில் பொங்கல் வைக்கும் அந்த நாள்களில், நம் பழைய உடைந்த பானையையும் ஆண்டவரிடம் எடுத்துச் செல்வோம். களிமண்ணைத் திரும்பவும் வனையும் குயவர் அவர் என்று இறைவாக்கினர் எரேமியா நமக்குக் காட்டியிருக்கிறார் அல்லவா?

செபம்

அன்புள்ள ஆண்டவரே, உடைந்த உள்ளத்தை நீர் ஒருபோதும் ஒதுக்கியதில்லை. நாங்கள் மறைத்து வைத்திருக்கும் காயங்களை உம்முன் கொண்டு வருகிறோம். எங்கள் குடும்பங்களின் கண்ணீரையும், எங்கள் பங்கில் நிலவும் பிரிவினைகளையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். இழந்தவற்றை நீர் திருப்பித் தந்தாலும் தராவிட்டாலும் உம்மைவிட்டுப் பிரியாத மனத்தைத் தாரும். வாடிய முகங்களைக் கண்டு நின்று விசாரிக்கும் அன்பைத் தாரும். புனித தேவசகாயத்தின் பரிந்துரையால் எங்களைக் குணப்படுத்தும். ஆமென்.